குடும்பத்துக்காகப் பதவி விலகுவது எப்படி? மக்கள் பிரதிநிதிகளுக்கும் அவர்களுடன் பணியாற்றுபவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஓர் அமைச்சரோ அவை உறுப்பினரோ "குடும்பக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று அறிக்கை விட்டதும் எல்லோர் வாயிலும் வருவது ஒரே கேள்விதான்: உள்ளே என்ன நடந்தது? இந்தச் சந்தேகம் வெறுமனே முளைத்ததில்லை. பிரிட்டனில் 1990 ஜனவரியில் வேலைவாய்ப்பு அமைச்சர் நார்மன் ஃபவுலர், குடும்பத்தோடு கூடுதல் நேரம் செலவிட விரும்புவதாகச் சொல்லிப் பதவி விலகினார். அந்த வாசகத்தை அதன் பிறகு யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். தலைமையோடு முறுக்கிக்கொண்டவர்கள், விசாரணைக்கு அஞ்சியவர்கள், வெளியே அனுப்பப்பட்டவர்கள் என எல்லோருக்கும் அது கைகொடுத்தது. இன்று அதைக் கேட்டு யாரும் நம்புவதில்லை.

அதன் விலையைக் கொடுப்பவர்கள் உண்மையைச் சொல்பவர்கள். குழந்தையின் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனை வராந்தாவில் உட்கார வேண்டியவர், நினைவு தப்பிய தாயை இரவில் தனியே விட முடியாதவர், மனைவியின் நோயால் இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கும் தானே எல்லாமாக வேண்டியவர் ஆகியோரை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஊராட்சி உறுப்பினர் முதல் அமைச்சர் வரை யாருக்கும் இது பொருந்தும். அவர்களுடைய உதவியாளர்களும் படிக்க வேண்டும், ஏனென்றால் வேலையில் பாதி அவர்கள் தலையில்தான் விழும்.

இதில் நான் நம்பும் அடிப்படை ஒன்று உண்டு. விலகும் காரணம் உங்கள் குடும்பத்துக்குச் சொந்தம். விலகும் முறை உங்களுக்கு வாக்களித்தவர்களுக்குச் சொந்தம். காரணத்தை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் உங்கள் மீது பழியில்லை. முறையில் குறை வைத்தால் உண்டு.

முதல் படி: விலகித்தான் ஆக வேண்டுமா?

வீட்டில் இடி விழுந்த வாரத்தில் ராஜினாமா ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும். பதவிக்கும் வீட்டுக்கும் நடுவே வேறு வழிகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் கடிதம் எழுத உட்காராதீர்கள்.

முதலாவது விடுப்பு. நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் 2018 ஜூனில் குழந்தை பெற்றபோது 6 வாரம் விடுப்பில் இருந்தார். துணைப் பிரதமர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் அதுவரை பொறுப்பைக் கவனித்தார். அரசு எதுவும் கவிழ்ந்துவிடவில்லை. நார்வேப் பிரதமர் ஷெல் மாக்னே பொந்தேவிக் 1998இல் மனச்சோர்வுக்காகச் சில வாரங்கள் ஒதுங்கினார். காரணத்தை மறைக்காமல் சொன்னார், திரும்பி வந்தார், 2001இல் மறுபடியும் பிரதமரானார். விடுப்பு எடுத்தால் அரசியல் வாழ்வு முடிந்துவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது அவருடைய பெயரைத்தான்.

அவை உறுப்பினர்களுக்கு நாட்டுக்கு நாடு ஏற்பாடு மாறும். சுவீடனில் ஓர் உறுப்பினர் நீண்ட விடுப்பில் சென்றால் அவருடைய இடத்தில் மாற்று உறுப்பினர் வந்து அமர்வார். பிரிட்டன் நாடாளுமன்றத்தில் 2019 முதல், குழந்தை பெற்ற உறுப்பினர் தன் வாக்கை வேறோர் உறுப்பினர் மூலம் அளிக்கலாம். இந்தியாவில் மாற்று உறுப்பினரும் இல்லை, பதிலி வாக்கும் இல்லை. ஆனால் அவையின் அனுமதி பெற்று வராமல் இருக்கலாம். அனுமதி பெறாமல் 60 நாட்கள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராமல் போனால்தான் அந்த இடம் காலியானதாக அவை அறிவிக்க முடியும். அந்த அனுமதிக்கான விண்ணப்பம் ஒரு பக்கத் தாள். அப்படி ஒன்று இருப்பதே பல புதிய உறுப்பினர்களுக்குத் தெரிவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இரண்டாவது வழி, கனமான பொறுப்பை மட்டும் இறக்கி வைப்பது. பிரிட்டன் சுகாதார அமைச்சர் ஆலன் மில்பர்ன் 2003 ஜூனில் குடும்பத்துக்காக அமைச்சர் பதவியை விட்டார், தொகுதியை விடவில்லை. அடுத்த ஆண்டே அமைச்சரவைக்குத் திரும்பினார். ஸ்காட்லாந்து கன்சர்வேடிவ் கட்சித் தலைவர் ரூத் டேவிட்சன், மகன் பிறந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2019 ஆகஸ்டில் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். அரசியல் காரணங்களும் இருந்தன, குடும்பமும் இருந்தது, இரண்டையுமே சொன்னார். உறுப்பினர் பதவியில் 2021 வரை நீடித்தார். வீட்டிலிருந்து உங்களைப் பிரிப்பது அமைச்சரகமா தொகுதியா என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஏதோ ஒன்றுதான் தாங்க முடியாததாக இருக்கும்.

எப்படி முடிவு செய்வது? கடந்த ஒரு மாத நாட்குறிப்பை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நீங்கள் இருந்தே ஆக வேண்டியிருந்த நேரங்களை அதன் மேல் எழுதுங்கள்: மருத்துவரைப் பார்த்த காலைகள், பிள்ளை தூங்கும் நேரம், தந்தைக்கு மருந்து கொடுக்கும் நேரம். இரண்டும் எங்கெங்கே மோதுகின்றன என்று பாருங்கள். மோதல் திருமண வீடுகள், திறப்பு விழாக்கள், கட்சிக் கூட்டங்கள் போன்றவற்றோடு என்றால் விலக வேண்டியதில்லை. மறுக்கக் கற்றுக்கொண்டால் போதும். அவைக் கூட்டங்களோடும் மனுதாரர்களோடும் மோதினால் பிரச்சினை உண்மையானது.

அடுத்து மருத்துவரிடமோ பள்ளியிடமோ கேட்க வேண்டிய கேள்வி: இது எத்தனை காலம்? "ஆறு வாரம்" என்றால் விடுப்பு. "இப்போது சொல்ல முடியாது, ஒரு வருடமாவது ஆகும்" என்றால் மேலே படியுங்கள்.

தூரமும் ஒரு காரணம்தான், அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பெர்த் தொகுதி உறுப்பினர் டிம் ஹாமண்ட் 2018 மே மாதத்தில் விலகினார். பெர்த்திலிருந்து தலைநகர் கான்பெரா 3,000 கிலோமீட்டருக்கு மேல். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குத் தந்தையாக இருப்பதும் இந்தப் பயணமும் ஒத்துவரவில்லை என்றார். வீட்டில் யாருக்கும் நோய் இல்லை, ஊழல் இல்லை, உட்கட்சிச் சண்டை இல்லை. தந்தை வீட்டில் இல்லை என்பது மட்டுமே குறை. அதுவே போதுமான காரணம் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: வீட்டில் பேசுவது

யாருக்காக விலகுகிறீர்களோ அவரிடம் முதலில் பேசுங்கள். அதிசயமாக இருக்கும், இந்தப் பேச்சு பல வீடுகளில் நடப்பதே இல்லை. தலைவருக்குச் சொல்லியாகிவிடும், நண்பர்களுக்குச் சொல்லியாகிவிடும். படுக்கையில் இருக்கும் தாய்க்குத் தொலைக்காட்சி பார்த்துத் தெரியும்.

வயதான பெற்றோர் பெரும்பாலும் மறுப்பார்கள். "என்னால் உன் பதவி போக வேண்டாம்" என்பார்கள், சிலர் சாப்பிடாமல்கூட இருப்பார்கள். அவர்களை வாதிட்டு வெல்ல முயல வேண்டாம். முடிவின் பாரத்தை அவர்கள் தலையிலிருந்து எடுங்கள். "உங்களுக்காக விட்டுக்கொடுக்கிறேன்" என்பது கேட்பவரைக் குற்றவாளியாக்கும். "எனக்கு இங்கே இருக்க வேண்டும் போலிருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். வாழ்க்கைத் துணையிடமும் இதே கவனம் தேவை. ஐந்து ஆண்டு கழித்து ஒரு சண்டையில் "உனக்காகத்தானே எல்லாவற்றையும் விட்டேன்" என்று வாயில் வரக்கூடிய முடிவென்றால், அதை இன்றே எடுக்காமல் இருப்பது இருவருக்கும் நல்லது.

பிள்ளைகளுக்கு அறிக்கை வெளியாகும் முன்பே தெரிய வேண்டும். மறுநாள் பள்ளியில் யாராவது கேட்பார்கள். பதில் சொல்ல ஒரு வாக்கியத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்: "அப்பா எங்களோடு இருக்கப் போகிறார்." ஏழு வயதுப் பிள்ளைக்கும் அது எளிதாக வரும், எந்த இரகசியத்தையும் வெளியிடாது.

பிறகு, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதை எல்லோரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். நோயின் பெயர், மருத்துவமனையின் பெயர், பிள்ளையின் பெயர், புகைப்படம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் நேரே ஆம் அல்லது இல்லை. நோயுற்றவர் வயது வந்தவர் என்றால் கடைசிச் சொல் அவருடையது. நோயுற்றது குழந்தை என்றால், பதினைந்து ஆண்டு கழித்து அந்தப் பிள்ளை தன் பெயரை இணையத்தில் தேடும்போது என்ன கிடைக்கும் என்பதை யோசித்து நீங்கள் முடிவெடுக்க வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஷான் டஃபி 2019 ஆகஸ்டில், பிறக்கவிருந்த தன் குழந்தைக்கு இதயக் கோளாறு இருப்பதை வெளிப்படையாகவே சொல்லி விலகலை அறிவித்தார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பிரதமர் மைக் பேர்ட் 2017 ஜனவரியில் தந்தை, தாய், சகோதரி மூவருக்கும் கடுமையான உடல்நலப் பிரச்சினை என்ற அளவில் பேசினார். இரண்டுமே சரியான வழிகள்தான், குடும்பம் ஒப்பியிருக்கும் வரையில்.

பணத்தைப் பற்றியும் அன்றே பேசிவிடுங்கள். சம்பளம் எந்தத் தேதியில் நிற்கும், ஓய்வூதியம் பெற எத்தனை ஆண்டு சேவை தேவை, அரசு வீட்டை எப்போது காலி செய்ய வேண்டும் ஆகியவற்றை அவைச் செயலகத்தில் கேட்டால் சொல்வார்கள். இவற்றில் ஒன்றை மட்டும் தடித்த எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: மருத்துவக் காப்பீடு. குடும்பத்தின் சிகிச்சைச் செலவைப் பதவியோடு வரும் காப்பீடு ஏற்கிறது என்றால், சிகிச்சைக்காக விலகி அந்தக் காப்பீட்டையே இழக்கும் நிலை வரலாம். பதவி போன பின்னும் அது எத்தனை நாள் நீடிக்கும், முன்னாள் உறுப்பினருக்கு என்ன உண்டு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே பேனாவைத் திறவுங்கள்.

மூன்றாம் படி: கடிதம் யாருக்கு?

ராஜினாமா என்பது அறிவிப்பல்ல, சட்டச் செயல். பத்திரிகையாளர் முன் "விலகிவிட்டேன்" என்று சொன்னால் பதவி போகாது. உரிய ஆளுக்கு, உரிய வடிவில் போனால்தான் போகும்.

இந்திய நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் தம் கைப்பட எழுதிய கடிதத்தைச் சபாநாயகருக்கோ மேலவைத் தலைவருக்கோ அனுப்ப வேண்டும். அவர் ஏற்றுக்கொண்டால்தான் இடம் காலியாகும். விலகல் தானாக விரும்பி எடுத்ததும் உண்மையானதும்தானா என்று பார்க்கும் பொறுப்பை 1974ஆம் ஆண்டின் 33ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அவரிடம் கொடுத்திருக்கிறது. நேரில் சென்று கொடுத்தால் உடனே ஏற்கப்பட வாய்ப்பு அதிகம். வேறொருவர் மூலமோ தபாலிலோ அனுப்பினால் விசாரணை வரலாம். ஏற்கப்படும் வரை கடிதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைகிறவர் அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று தோன்றும். போய்விடுங்கள், ஒரு நாள் அலைச்சல் பல வார இழுபறியை மிச்சப்படுத்தும்.

மக்களவை விதி 240இல் ஒரு நுட்பம் உண்டு. உறுப்பினர் தன் கடிதத்தில் காரணம் எதையும் எழுதக் கூடாது என்கிறது அது. மீறி எழுதினால் அந்தப் பகுதியைச் சபாநாயகர் நீக்கிவிடலாம், அது அவையில் படிக்கப்படாது. குடும்ப விஷயத்துக்காக விலகுகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு. சட்டக் கடிதம் வெறும் கடிதமாகவே இருக்கும். காரணத்தை நீங்கள் விரும்பிய இடத்தில், விரும்பிய அளவில் சொல்லிக்கொள்ளலாம்.

மற்ற நாடுகளில் வடிவம் வேறு. ஆஸ்திரேலியக் கீழவையில் சபாநாயகருக்குக் கடிதம் சேர்ந்த உடனே இடம் காலி. ஏற்பு என்ற பேச்சே இல்லை. ஆகவே அங்கே தேதியைத் தவறவிட்டால் திருத்த வழியில்லை. கனடாவில் எழுத்து வழியில் விலகுபவர் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட வேண்டும். இலங்கையில் நாடாளுமன்றத்தின் பொதுச்செயலாளருக்கு எழுத வேண்டும். பிரிட்டனில் 1624ஆம் ஆண்டுத் தீர்மானப்படி உறுப்பினர் விலகவே முடியாது. அதனால் சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் என்ற பெயரளவிலான அரசப் பதவி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் மூலம் தகுதியிழந்து வெளியேறுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இப்படித்தான்.

திரும்பி வரும் கதவு பூட்டப்படுமா என்றும் பாருங்கள். மலேசியாவில் மக்களவையிலிருந்து விலகியவர் 5 ஆண்டுகளுக்கு மீண்டும் உறுப்பினராக முடியாது என்ற தடை நெடுங்காலம் இருந்தது. 2022ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம்தான் அதை நீக்கியது.

ஒரே ஆளிடம் பல பதவிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிதம். அமைச்சர் பதவியிலிருந்து விலகினால் உறுப்பினர் பதவி தானாகப் போய்விடாது. முதலமைச்சரோ பிரதமரோ விலகினால் அவரோடு அமைச்சரவை முழுவதும் போகும். அவைக் குழுக்கள், வாரியங்கள், அறக்கட்டளைகள் ஆகியவற்றில் பதவி வழியாக வந்த இடங்களையும் பட்டியலிடுங்கள். கையெழுத்து அதிகாரம் உள்ள வங்கிக் கணக்குகள் இருந்தால் அவற்றை முதலில்.

நான்காம் படி: தேதி

எந்த நாள் விலகுகிறீர்கள் என்பது உங்கள் தொகுதி எத்தனை நாள் குரலின்றி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. டஃபி விலகியது 2019 செப்டம்பர் 23 அன்று. அந்த இடத்துக்கு இடைத்தேர்தல் நடந்தது 2020 மே 12 அன்று. ஏழு மாதங்களுக்கு மேல் அந்த மக்களுக்கு அவையில் வாக்கு இல்லை. குழந்தைக்காக எடுத்த முடிவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, இடைத்தேர்தல் தேதியை அவர் வைக்கவும் இல்லை. ஆனால் தேதிக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்கு இது சாட்சி.

நியூசிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். பிரதமர் ஜான் கீ 2016 டிசம்பர் 5 அன்று விலகலை அறிவித்தார்; குடும்பம் பட்ட பாட்டையும் காரணங்களில் ஒன்றாகச் சொன்னார். ஒரே வாரத்தில் பிரதமர் பதவியை விட்டார். உறுப்பினர் பதவியை மட்டும் 2017 ஏப்ரல் வரை வைத்திருந்தார். ஆர்டெர்னும் அதையே செய்தார்: 2023 ஜனவரி 19 அறிவிப்பு, ஜனவரி 25 பிரதமர் பதவி கைமாறியது, உறுப்பினர் பதவி ஏப்ரல் வரை. அந்த நாட்டில் பொதுத் தேர்தலுக்கு முந்தைய 6 மாதங்களுக்குள் ஓர் இடம் காலியானால், அவையில் முக்கால் பங்கு உறுப்பினர்கள் ஒப்பினால் இடைத்தேர்தலைத் தவிர்க்கலாம். கனமான பொறுப்பை உடனே இறக்கி, இலேசானதைச் சில வாரம் தாங்கி, மக்களை ஒரு வீண் தேர்தலிலிருந்து காப்பாற்றினார்கள். வீட்டு நிலைமை இடம் கொடுத்தால் எல்லோரும் பின்பற்றத் தக்க முறை இது.

இந்தியாவில் காலியான இடத்துக்கு 6 மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. எனவே, கடைசி ஆண்டின் தொடக்கத்தில் விலகினால் தொகுதி பல மாதம் காலியாகவே கிடக்கலாம். இலங்கை, ஜெர்மனி போன்ற இடங்களில் இந்தக் கவலை இல்லை; விகிதாசாரப் பட்டியலில் அடுத்தவர் அந்த இடத்தை நிரப்புகிறார்.

பட்ஜெட் வாக்கெடுப்பு, நம்பிக்கை வாக்கெடுப்பு ஆகியவற்றுக்கு முதல் நாள் விலகாதீர்கள். உங்கள் கட்சி ஒற்றை வாக்கில் ஆட்சியில் இருக்கிறது என்றால், என்ன காரணம் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். உயிர் ஊசலாடும் நிலை என்றால் இந்த வாக்கியத்தை மறந்துவிட்டுப் போய்விடுங்கள்.

ஐந்தாம் படி: யாருக்கு முதலில் சொல்வது?

கட்சித் தலைமைக்கு நேரில், ஒருவரிடம் மட்டும். இரண்டாவது ஆளுக்குத் தெரிந்தால் மாலைக்குள் செய்தி கசியும். தலைமை உங்களைத் தடுக்கப் பார்க்கும். "இன்னும் மூன்று மாதம் பொறுங்கள்" என்பார்கள். அதற்கான பதிலை வீட்டிலேயே முடிவு செய்து எடுத்துச் செல்லுங்கள், அங்கே நின்று யோசிக்காதீர்கள்.

அடுத்தவர்கள் உங்கள் அலுவலக ஊழியர்கள். விலகல் செய்திகளில் எங்குமே பேசப்படாதவர்கள் இவர்கள்தான். உங்கள் பதவி போகும் நாளில் உதவியாளர், தட்டச்சர், ஓட்டுநர் எல்லோருடைய வேலையும் போகிறது. அவர்கள் வீட்டிலும் நோயாளிகளும் பள்ளிக் கட்டணமும் உண்டு. அறிக்கை வெளியாகும் காலையில், பத்திரிகைகளுக்கு முன்பாக, அவர்களை உட்கார வைத்து நீங்களே சொல்லுங்கள். சம்பளம் எதுவரை, நிலுவைத் தொகை என்ன, யாரிடம் வேலைக்குப் பரிந்துரைக்கப் போகிறீர்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதங்களைப் பதவியில் இருக்கும்போதே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு சபாநாயகர், பிறகு தொகுதி நிர்வாகிகள், பிறகு பொது அறிக்கை. எல்லாம் ஒரே நாளில் முடிய வேண்டும்.

ஆறாம் படி: எழுதும் சொற்கள்

சட்டக் கடிதம் மூன்று வரி போதும். உங்கள் அவை வைத்திருக்கும் படிவமே முதன்மையானது. படிவம் இல்லாத இடத்தில் இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு, இந்த அவையில் நான் வகித்துவரும் உறுப்பினர் பதவியிலிருந்து இன்ன தேதி முதல் விலகுகிறேன். இம்முடிவை என் விருப்பப்படி, யாருடைய வற்புறுத்தலும் இன்றி எடுத்துள்ளேன். தங்கள் உண்மையுள்ள" என்று முடித்து, கையெழுத்தும் தேதியும்.

"கோரிக்கை ஏற்கப்பட்டால்", "நிலைமை சரியானால்" போன்ற நிபந்தனைகள் எதுவும் உள்ளே நுழையக் கூடாது. நிபந்தனை இருந்தால் அது ராஜினாமாவா மிரட்டலா என்ற வழக்கு வரும்.

பொது அறிக்கை வேறு வகை. அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: என்ன செய்கிறேன், எப்போது, ஏன், இனி உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள். நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், மக்களுக்கு வேண்டியதும் அதுதான். ஒரு மாதிரி:

"என் தாயாரின் உடல்நிலை காரணமாக, வருகிற மாதம் முதல் தேதியோடு உறுப்பினர் பதவியிலிருந்து விலகுகிறேன். அவர் அருகில் நான் முழுநேரமும் இருக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒழுங்காகச் செய்ய முடியாத நிலையில், உங்களுக்கு முழுநேரப் பிரதிநிதி ஒருவர் தேவை என்று கருதுகிறேன். தொகுதி அலுவலகம் மாத இறுதி வரை வழக்கம்போல் இயங்கும். நீங்கள் கொடுத்த மனுக்களின் நிலையை அங்கே தெரிந்துகொள்ளலாம். என் தாயாரின் சிகிச்சை பற்றி இதற்கு மேல் பேசமாட்டேன். எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்."

"தவிர்க்க முடியாத சொந்தக் காரணங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். வதந்தி முளைப்பது அந்த வெற்றிடத்தில்தான். "தாயாரின் உடல்நிலை" என்ற இரண்டு சொல்லே போதும், கேள்விகளில் பாதி அடங்கிவிடும். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

காரணங்கள் கலந்திருந்தால் கலந்தவை என்றே சொல்லுங்கள். அயர்லாந்துப் பிரதமர் லியோ வரத்கர் 2024 மார்ச்சில் விலகலை அறிவித்தபோது, சொந்தக் காரணங்களும் அரசியல் காரணங்களும் உண்டு, முக்கியமாக அரசியல் காரணங்களே என்றார். அப்படிச் சொல்லத் துணிவு வேண்டும். கட்சியோடு மனக்கசப்பு, விசாரணை, தோல்வி பயம் ஆகியவற்றில் ஏதாவது உண்மைக் காரணமாக இருந்து, குடும்பத்தை முன்னால் நிறுத்தினால் அது இரட்டைத் தவறு. நீங்கள் பொய் சொல்வதோடு, உங்கள் மனைவி, மக்களையும் அந்தப் பொய்க்குச் சாட்சியாக்குகிறீர்கள். ஆறு மாதத்தில் உண்மை வெளிவரும்போது கேமரா அவர்கள் முகத்துக்கும் நீளும்.

செய்தியாளர்களுக்கு ஒரே சந்திப்பு. "வேறு காரணம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். "இல்லை" என்று ஒரே சொல்லில் சொல்ல முடிகிறதா என்று முந்தைய இரவு கண்ணாடி முன் நின்று பாருங்கள். முடியவில்லை என்றால் அறிக்கையைத் திருத்துங்கள்.

ஏழாம் படி: ஒப்படைப்பு

விலகும் முறையின் மனச்சாட்சி இங்கேதான் தெரியும். தொகுதி அலுவலக அலமாரியைத் திறந்தால் மனுக்கள் அடுக்கடுக்காக இருக்கும். ஒன்றை எடுத்துப் பாருங்கள். கணவரை இழந்த ஒரு பெண் உதவித்தொகை கேட்டு எழுதியது, பின்னால் இறப்புச் சான்றிதழின் நகல், ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் "அதிகாரியிடம் பேசியாயிற்று, அடுத்த வாரம்" என்ற குறிப்பு. அந்த அடுத்த வாரம் நீங்கள் இருக்க மாட்டீர்கள். யாரிடம் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார், இனி யார் கேட்க வேண்டும் என்பது உங்கள் தலைக்குள் மட்டுமே இருக்கிறது. உங்களோடு அது போனால் அந்தப் பெண் முதல் படியிலிருந்து மறுபடி நடக்க வேண்டும்.

ஆகவே நிலுவை மனு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: பெயர், கோரிக்கை, எந்த அலுவலகத்தில் இருக்கிறது, கடைசியாக நடந்தது என்ன, அடுத்து செய்ய வேண்டியது என்ன. மனுதாரருக்கும் தகவல் போக வேண்டும்: உங்கள் மனு இங்கே இருக்கிறது, இனி இவரைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் உயிர் காக்கும் சிகிச்சை, கல்விக் கட்டணம், வீடு இழப்பு போன்ற தேதி நெருங்கியவற்றை முதலில் முடியுங்கள்.

இந்த மனுக்களில் மக்களின் அடையாள எண்கள், நோய் விவரங்கள், குடும்பச் சண்டைகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றைக் கட்சி அலுவலகத்தில் மூட்டையாகப் போட்டுவிட்டு வராதீர்கள். மனுதாரர் ஒப்பினால் அடுத்தவருக்குக் கொடுங்கள், இல்லையென்றால் அவரிடமே திருப்பிக் கொடுங்கள், மிச்சத்தை அழியுங்கள். உங்கள் குடும்பத்தின் நோய் வெளியே தெரியக் கூடாது என்று இத்தனை பாடுபட்டீர்கள். அவர்கள் குடும்பத்துக்கும் அதே மரியாதை உண்டு.

தொகுதி மேம்பாட்டு நிதியில் பரிந்துரைத்த வேலைகளின் பட்டியல், ஒப்புதல் எண்கள், பாக்கித் தொகை ஆகியவை மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். போகிற நேரத்தில் புதிய வேலை எதையும் பரிந்துரைக்க வேண்டாம். அலுவலக மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்குகளின் கடவுச்சொல், சாவிகள், வாகனம், அடையாள அட்டை எல்லாவற்றையும் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

எட்டாம் படி: அதற்குப் பிறகு

முதல் சில மாதங்கள்தான் நீங்கள் சொன்ன காரணத்துக்கு உரைகல். மைக் பேர்ட் விலகிய சில வாரங்களிலேயே ஒரு பெரிய வங்கியில் உயர் பொறுப்பை ஏற்கப்போவதாகச் செய்தி வந்தது, விமர்சனமும் வந்தது. அவருடைய பெற்றோர், சகோதரியின் நோய் பொய்யாகிவிடவில்லை. வங்கி வேலையில் மாலையில் வீட்டுக்கு வரலாம், மாநிலப் பிரதமர் வேலையில் முடியாது என்பதும் நியாயமான பதிலே. ஆனாலும் பார்ப்பவர்களுக்கு அந்த விளக்கத்தைக் கேட்கப் பொறுமை இருப்பதில்லை. பிழைப்புக்கு வேலை தேவை என்றால் அதை அறிக்கையிலேயே ஒரு வரி சொல்லிவையுங்கள்: "குடும்பத்தோடு இருக்க இடம் தரும் வேறு வேலையைத் தேடிக்கொள்வேன்." பதவி விட்டவர்கள் வேலை ஏற்பதற்கு முன் காத்திருக்க வேண்டிய காலத்தைச் சில நாடுகள் விதித்திருக்கின்றன; அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடைத்தேர்தலில் வேட்பாளர் தேர்வில் தலையிடாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்தே ஒருவரை நிறுத்தினால் அத்தனை நாள் காத்த நம்பகத்தன்மை ஒரே நாளில் போய்விடும். புதிய உறுப்பினர் ஆலோசனை கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள்.

தொலைபேசி பல வாரம் ஓயாது. பழைய பழக்கத்தில் மக்கள் அழைப்பார்கள்; எடுத்தால் வீட்டில் இருந்துகொண்டே தொகுதியில் இருப்பீர்கள், எடுக்காவிட்டால் மனம் உறுத்தும். பழைய எண்ணை அலுவலகப் பொறுப்பாளரிடமோ கட்சியின் தொகுதி நிர்வாகியிடமோ கொடுத்து, புதிய உறுப்பினர் பதவியேற்கும் வரை அவரே பதில் சொல்லும்படி செய்யுங்கள். வீட்டுக்கு வேறு எண் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் மருத்துவரிடமும் பள்ளியிடமும் நெருங்கிய உறவினர்களிடமும் மட்டும் இருக்கட்டும்.